பக்கம் திருப்புகிற இடம்

அக்கா பாம்பன் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறாள். எங்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில்தான். நான் ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவன். எந்தக் கட்டையை எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தி வாசிக்கிறாள் என்று ஒரு வருஷம் பதிவெடுத்து, அவளைப் போலவே வாசிக்கிற புரோகிராம் ஒன்று எழுதினேன். வெறும் ஸ்வரத்தைக் கொடுத்தால் அவளுடைய குழைவோடு வாசிக்கும். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கையில் அக்கா வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. என் புரோகிராம் வாசிக்கட்டுமே என்றேன். பாட்டுக் குழுவுக்கு ஒரே குஷி.

"வாசிக்கட்டும்லே. பெறகு என்னைய யாரு தேடப்போறா?" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

ஒத்திகையில் ஒரு குறை. காணிக்கைப் பாட்டில் மூன்றாவது வரி முடிந்ததும் மிஷின் கொஞ்சம் நின்றது. காரணம் எனக்குத் தெரியும். அக்கா அந்த இடத்தில்தான் எச்சில் தொட்டுப் பாட்டு நோட்டில் பக்கம் திருப்புவாள். மெத்தப் படித்தவன் அல்லவா, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த நிறுத்தத்தை வெட்டிவிட்டேன்.

திருவிழாப் பூசையில் முதல் இரண்டு வரி அப்படியே அக்காதான். மூன்றாவது வரி முடிந்தது. கோயில் மொத்தமும் நின்று மூச்சு இழுத்தது. என் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டு ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம். வியர்த்துப் போய் ஸ்பீக்கரை அணைத்தேன்.

அத்தனை தலையும் மூன்றாம் பெஞ்சில் இருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து வந்து இடக்கையால் வாசித்தாள். பாதி ஸ்வரம் விட்டுப்போனது. ஆனாலும் கோயிலே அவளோடு சேர்ந்து பாடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பூசை முடிந்து வெளியே வந்ததும், "மூணாவது வரி முடிஞ்சதும் நீ நோட்டத்தானக்கா திருப்புவ?" என்றேன்.

"அடக் கிறுக்கா! இத்தன வருசமா வாசிக்கிற பாட்டுக்கு நோட்டு எதுக்குலே? அந்த வரி நீளம். பின்னால இருக்குற வயசானவுகளுக்கு மூச்சு எட்டாது, அதுக்குத்தான் நிக்கிறேன். அவுகளுக்காக நிக்கிறேன்னு தெரிஞ்சா கூச்சப்படுவாக. அதான் நோட்டத் திருப்புற மாதிரி பாவ்லா."

இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் தெரியாமல் இதைச் செய்திருக்கிறாள்.

"யாரு தேடுவான்னு கேட்டியே, பாத்தியாக்கா?" என்றேன்.

"போலே. மொதல்ல ஒன் மிஷினுக்கு மூச்சு விடச் சொல்லிக் குடு."