அணைய வேண்டிய விளக்கு

இந்த ஊரில் விளக்கு ஏற்றியதும் கும்பிடுவார்கள். அகலானாலும் அரிக்கேன் லாந்தரானாலும், சுடர் எழுந்ததும் பேச்சை நிறுத்திக் கை குவிப்பார்கள். சைகோனில் பொத்தானைத் தட்டினால் அறை வெளுத்துவிடும். நாம் யாரும் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அதனால் பாகூருக்கு வாழ வந்த புதிதில், நான் எங்கள் மோட்டார் வண்டியின் சாவியைத் திருப்பியதும் என் மாமியார் எதற்குக் கும்பிட்டார் என்று எனக்குப் புரியவில்லை. முன்பலகையில் எரிந்த சிறு சிவப்பு விளக்கைத்தான் கும்பிட்டிருக்கிறார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது அணைந்தது. "அடடா, அணைஞ்சிடுச்சே" என்றார். "அணைஞ்சாதான் நல்லது அத்தை. டைனமோ பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்குதுன்னு அர்த்தம்" என்றேன். "வெளக்கு அணையறது நல்லதா? இன்னாடி பேசற நீ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சைகோனில் இருக்கும் உங்களில் பலர் என் அப்பாவின் மோட்டார்ப் பட்டறையை அறிவீர்கள். டைனமோ, பேட்டரி வேலையெல்லாம் என் பொறுப்பு. பாகூரிலிருந்து பெண் பார்க்க வந்த என் கணவர் திருமணத்துக்குப் பின் சில மாதங்கள் அங்கேயே தங்கினார். டைனமோவைத் திறக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். உள்ளே சுழலும் செம்பு உருளைமேல் ஒரு கரித்துண்டு உரசிக்கொண்டிருக்கும். நாம் ஷர்போன் என்போமே, அது. அது உரசாவிட்டால் மின்சாரம் வராது. துடைக்கும்போது அதைத் தூக்கி, அழுத்தும் சுருள்வில்லை அதன் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால், விழாமல் அப்படியே நிற்கும். முதல்முறை அது நின்றபோது அவர் சிறுபிள்ளைபோலச் சிரித்தார். கப்பலேறும் நாளில் அப்பாவிடம், "ஊர்லயும் வண்டி இவதான் ஓட்டுவா மாமா" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் அப்பா வண்டியையும் எங்களோடு ஏற்றி அனுப்பினார்.

சென்ற மாதம் அப்பா பிரான்சுக்கு வேலைக்குப் போனார். வழியில் கப்பல் புதுச்சேரியில் ஒரு பகல் நிற்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். இனி எப்போது பார்ப்போமோ. வண்டியைத் துடைத்து, எண்ணெய் பார்த்துத் தயாராக வைத்திருந்தேன். முந்தின நாள் என் கணவர் அத்தையை வில்லியனூர்க் கோயிலுக்கு அதில் அழைத்துப் போனார். மாலையில் திரும்பியவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "டைனமோ பூட்ச்சி. செவப்பு வெளக்கு அணையவே மாட்டேங்குது. நாளைக்கு வண்டி எடுக்க முடியாது."

அத்தைக்கோ ஒரே மகிழ்ச்சி. "இன்னிக்குத்தான் உன் வண்டி வெளக்கு ஒழுங்கா எரிஞ்சிது. வில்லியனூர்லேர்ந்து வூடு வரிக்கும் அணையவே இல்ல."

"போகும்போது?"

"போவும்போது பழையபடி அணைஞ்சிதான் கெடந்துச்சி. கோயில் வாசல்ல எம்புள்ள மூடியத் தொறந்து இன்னாத்தையோ நோண்டுனான். அப்பறம் பாரு, சாமி வெளக்காட்டம் நின்னு எரிஞ்சிது."

விடிந்ததும் அப்பா சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே பார்த்தேன். முதலில் டைனமோவைச் சுழற்றும் வார்: விரலால் அழுத்தினேன், தொய்வில்லை. அடுத்து பேட்டரி முனைகள்: இறுக்கமாக இருந்தன. பிறகு டைனமோவிலிருந்து வரும் கம்பிகள்: எதுவும் கழலவில்லை. கடைசியாக டைனமோவின் உறைப்பட்டையை நீக்கினேன். ஷர்போன் தூக்கியிருந்தது. சுருள்வில் பக்கவாட்டில் அழகாகச் சாய்ந்திருந்தது. வண்டி எத்தனை குலுங்கினாலும் அது தானாக அப்படி நிற்காது. இந்தப் பக்கத்து ஊர்களிலெல்லாம் அந்த வித்தை தெரிந்தவர்கள் இருவர்தான். நான் கற்றுக்கொடுத்த நேர்த்தி கொஞ்சமும் குறையவில்லை. உறையின் திருகைக்கூடச் சரியான இறுக்கத்தில் முடுக்கியிருந்தார்.

அவர் மாட்டுக்கொட்டகை வாசலில் நின்றிருந்தார். "நீங்கதானே?" என்றேன்.

"நீ உங்கப்பாவோட கப்பலேறிப் பூட்டீன்னா?"

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டு, ஆமான்னுட்டா நான் இன்னா பண்றது?"

அவர் சொல்லும்வரை அப்படி ஓர் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. வேறு எப்படித் தடுத்திருந்தாலும் சண்டை போட்டு ஆறியிருப்பேன். என் கையிலிருந்து போன வித்தையை எடுத்தே என் வழியை அடைத்ததுதான் ஆறவில்லை. சுருள்வில்லை அதன் இடத்தில் விட்டு, பேட்டரி இளைத்திருந்ததால் முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றினேன். எஞ்சின் பிடித்தது, விளக்கு அணைந்தது. "அணைஞ்சிடுச்சே" என்று அத்தை வாசலில் நின்று கலங்கினார். தனியாகத்தான் போனேன்.

அப்பாவைக் கடற்பாலத்தில் பார்த்தேன். "மாப்பிள்ளை வரலியா?" என்றார். வேலை என்றேன். புதுச்சேரிக்கும் பாகூருக்கும் நடுவே இடையிடையே ஆங்கிலேயர் நிலம் குறுக்கிடும் சாலை இது. திரும்பும்போது சுங்கச்சாவடியில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். காவலர் உள்ளே எட்டிப் பார்த்து, "பேச்சு இந்தப் பக்கம் மாரி இல்லியேம்மா. வூட்டுக்கா போறீங்க?" என்றார். "பாகூருக்கு" என்றேன்.

இப்போதெல்லாம் புறப்படுமுன் ஒவ்வொரு முறையும் டைனமோ உறையைத் திறந்து பார்த்துவிட்டே சாவி போடுகிறேன். அவர் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அன்று சாவடியில் சாவியைத் திருப்பினேன். தடுப்புக் கட்டை தூக்கப்படவில்லை. எஞ்சினை முடுக்காமல் காத்திருந்தேன். சாவி திரும்பி, எஞ்சின் ஓடாத நேரத்தில் சிவப்பு விளக்கு எரிவது பழுதல்ல. அப்பாவின் கப்பல் நங்கூரம் எடுத்திருக்கும். பாகூரில் அத்தை மாடத்தில் விளக்கேற்றும் நேரம். இரண்டுக்கும் நடுவில் அந்தச் சிறு சிவப்பு, நான் எந்தப் பக்கம் போனாலும் அணைய வேண்டியது, நின்று எரிந்துகொண்டிருந்தது.