மாமா தேய்த்த எண்

மாமாவின் வலது கட்டைவிரல் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. கோப்பையின் விளிம்பு, மேசையின் ஓரம், பேருந்தில் முன்இருக்கைக் கம்பி என்று எதையாவது தடவிக்கொண்டே இருக்கும். எங்காவது சொரசொரப்பு தட்டுப்பட்டால் அவர் முகம் சுளிக்கும். அக்காவைக் கல்யாணம் செய்த புதிதில் எங்கள் வீட்டு ஜன்னல் சட்டத்தைத் தடவிவிட்டு முகம் சுளித்தார். மாப்பிள்ளைக்கு வீடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அது தொழில் கொடுத்த பழக்கம். மாமா பல் செட் செய்பவர். நான்கு பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் வாய்க்குப் பல் வரிசை செய்து கொடுக்கிறார். “நாக்கு மாதிரி ஒரு மாமியார் கெடையாது மாப்ள. மணல் அளவு மேடு இருந்தாலும் நாள் பூரா அதையே போய்ப் போய்த் தொட்டுப் பாக்கும்” என்பார். தெருவில் அவருக்குச் செட்டுக்காரர் என்று பெயர்.

நானும் அவர்களோடு தங்கியிருந்த வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இரண்டு வருஷத்துக்கு முன் வந்தது. வந்தது என்றா சொல்வது, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து பின்கட்டில் போட்டார்கள். யாரோ ஒரு ஓய்வுபெற்ற காவலாளியின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் பதினோரு வருஷம் கிடந்தது. டேங்க்கில் ஓட்டை, சைலன்சருக்குள் எலி வளை, சக்கரக் கம்பிகளில் பாதி இல்லை. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “இது வண்டியா, வண்டியோட எலும்பா?” என்று கேட்டாள்.

அப்போது அவளுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதம். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பேருந்துப் படியில் கால் தூக்கி வைக்க முடியாது, உயரமான எதிலும் ஏறக் கூடாது. அச்சகத்திலிருந்து தாள்களை வீட்டுக்கே அனுப்பினார்கள். அவள் நாள் முழுக்கச் சுவரோரம் உட்கார்ந்து திருத்தினாள். மாமா அந்த எலும்பைக் காட்டி, “இதுல உனக்குன்னு ஒரு சீட்டு போடுறேன். தாழ்வா, பக்கவாட்டுல, சாஞ்சுக்கற மாதிரி” என்றார்.

“எனக்காகவாம்! கேட்டுக்கோடா. ஒரு ஸ்கூட்டர் வாங்கினா வேலை முடிஞ்சுது.”

“அதுல உன் உயரத்துக்கு சீட்டு கெடையாது.”

“ஆசை இவருக்கு, இடுப்பு எனக்கு” என்றாள் அக்கா.

ஆனால் சீட்டு செய்தது உண்மை. ஈர மணல் நிரப்பிய சாக்கின் மேல் அவளை உட்கார வைத்து, எழுந்த பிறகு அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி அளவெடுத்தார். தாடையாக இருந்தால் என்ன, வேறு எதுவாக இருந்தால் என்ன, அவருக்குத் தெரிந்த அளவு முறை அது ஒன்றுதான். அந்த வார்ப்பு ஒரு வாரம் பின்கட்டில் வெயிலில் காய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அது என்ன என்று கேட்டபோது அக்கா உள்ளே ஓடிப்போனாள். ஓடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தும்.

இரண்டு வருஷத்தில் வண்டி வண்டியாயிற்று. அடர்ந்த பச்சை நிறம். சட்டத்தில் எங்கே கை வைத்தாலும் வழுக்கும். இன்ஜினை மட்டும் ஒரு மெக்கானிக் வந்து பார்த்துக் கொடுத்தார். காதை வைத்தே கோளாறு சொல்லுவார் என்பதால் அவருக்குச் சத்தம் என்று பெயர். மாற்றிய இருக்கைக்கு அனுமதியும் வாங்கியாயிற்று. முதல் தேதியிலிருந்து வேலைக்கு வருவதாக அக்கா அச்சகத்துக்குச் சொல்லிவிட்டாள். இனிமேல் நாற்காலியைக் காலியாக வைத்திருக்க முடியாது என்று அவர்களும் நாசூக்காகச் சொல்லியிருந்தார்கள். பாக்கி இருந்தது வாகன அலுவலகத்தில் ஒரு சோதனை. வெள்ளிக்கிழமை. அதைத் தவறவிட்டால் பதிவேட்டிலிருந்து வண்டியின் பெயரை நீக்கிவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை மாமா வாகன அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை மறுபடி படித்தார். சேசிஸ் நம்பரைத் தாளில் பென்சில் தேய்த்து எடுத்துவர வேண்டும் என்று கடைசி வரியில் இருந்தது. தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். ஹேண்டில்பாருக்குக் கீழே, சட்டத்தின் கழுத்துப் பகுதியில்தான் அந்த எண் குத்தியிருக்கும். தாளை வைத்துத் தேய்த்தார். தாள் முழுக்கச் சீராகக் கறுத்தது. இன்னும் கொஞ்சம் கீழே வைத்துத் தேய்த்தார். அங்கேயும் அப்படியே.

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அவர் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார். முகம் சுளிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இங்கதான் இருந்துச்சு” என்றார். பிறகு, “நான்தான்” என்றார்.

போன வருஷம் சட்டத்துக்குத் துரு எடுத்தபோது விரலில் எட்டு சின்ன மேடுபள்ளம் இடறியிருக்கிறது. துரு என்று நினைத்து அரம் போட்டு, பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, நாக்கு பட்டாலும் தெரியாதபடி சமமாக்கிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் இரண்டு தேய்ப்பில் விட்டிருப்பார்கள். மாமா விடவில்லை. எவ்வளவு அரம் போட்டார், எண் பட்டிக்கு அடியில் இருக்கிறதா அல்லது அரப்பொடியோடு போய்விட்டதா என்பதுதான் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அக்கா சத்தத்துக்குப் போன் செய்தாள். அவர் வந்து பார்த்துவிட்டு முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏன் செட்டுக்காரரே, ஊர்ல எல்லாரும் சம்பாதிச்ச பேரக் கெடுத்துக்குவாங்க. நீர் வண்டி பேரையே அழிச்சிட்டீரே!”

யாரும் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்தினார். “நம்பர் இல்லாட்டி திருட்டு வண்டின்னுதான் எழுதுவாங்க. புடிச்சு வச்சா வச்சதுதான்” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “எங்கிட்ட நம்பர் குத்துற உளி செட்டு இருக்கு. பேப்பர்ல உள்ளதையே குத்துறோம். இது உங்க வண்டி, உங்க நம்பர். இதுல யாருக்கு என்ன நட்டம்?”

“மாட்டினா?” என்று அக்கா கேட்டாள்.

“மாட்டினா வண்டியும் போகும், நீங்களும் கொஞ்ச நாள் அலையணும். ஆனா மாட்டணுமே!”

அன்று மாமா சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்தார். மறுநாள் மதியம் ஒரு மருத்துவரிடமிருந்து போன் வந்தது. மாமா அனுப்பிய செட்டில் இரண்டு பக்கமும் இடதுபக்கக் கோரைப்பல்லாக வைத்திருந்தாராம். இருபத்திரண்டு வருஷத்தில் இது முதல் தடவை. அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நான் வேலைக்குப் போகலேன்னாலும் பரவால்லடா. இந்த மனுஷன் கையத் தொலச்சிடக் கூடாது” என்றாள்.

அன்று மாமா மூன்று மணிக்கே கடையை மூடிவிட்டு வந்தார். பல் சுரண்டும் கொக்கிகளைத் துணி விரித்து வரிசையாக வைத்துக்கொண்டு கழுத்துப் பகுதியின் பெயின்ட்டை எடுக்க ஆரம்பித்தார். பச்சை போய், சாம்பல் நிறப் பட்டி வந்தது. பட்டியை மாவு மாவாக உதிர்த்தார். ஒவ்வொரு சுரண்டலுக்கும் ஊதினார். அக்கா முக்காலியில் உட்கார்ந்து பதிவுச் சான்றை மடியில் வைத்திருந்தாள். முதல் எண்ணின் தலை தெரிந்தபோது அவள் அச்சகத்தில் படிக்கிற குரலில் படித்தாள். “நாலு. சரி.” பிறகு, “பூஜ்யம். சரி.” ஏழு எண்கள் அப்படி வந்தன. ஒவ்வொரு சரிக்கும் மாமாவின் தோள் ஒரு அங்குலம் இறங்கியது.

எட்டாவது இடத்தில் பட்டி மெல்லிசாக இருந்தது. எடுத்ததும் கீழே வெறும் இரும்பு பளபளத்தது.

“சான்றுல மூணுன்னு இருக்கு” என்றாள் அக்கா.

மாமா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். குளிர்ந்த கண்ணாடியில் யாரோ எழுதி, அது ஆவியோடு போன பிறகு மிஞ்சுகிற தடம் போல ஏதோ இருந்தது. மூன்று என்று நினைத்துப் பார்த்தால் மூன்று. எட்டு என்று நினைத்தால் எட்டு. அச்செடுக்கும் பசையைக் குழைத்து அதன் மேல் அப்பி, உரித்து, பிளாஸ்டர் வார்த்தார். வார்ப்பில் ஏழு எண்களும் இரும்பில் இருந்தபடியே பள்ளமாகப் பதிந்திருந்தன. எட்டாவது, மேல்வளைவு ஒன்றும் கீழ்வளைவில் பாதியுமாக ஒரு நகக்கீறல். தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அது கூட வரவில்லை.

வியாழக்கிழமை மாமா கடையிலிருந்து பொய்ப்பல்லைச் செதுக்கும் சின்ன மோட்டாரை எடுத்து வந்தார். ஊசி போன்ற முனை. உளி எல்லாம் தேவையில்லை, அந்தக் கீறலை மயிரிழை ஆழப்படுத்தினால் போதும். பக்கத்துப் பல்லின் கறையைக் கூடப் பொய்ப்பல்லில் கொண்டு வருகிறவர். துருவின் நிறம் கூட வைத்துவிடுவார். எந்த ஆய்வாளராலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அது தெரியும், அவர் அதைச் செய்துவிட வேண்டும் என்றுதான் நான் விரும்பினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மோட்டார் ரீங்கரித்தது. முனையை இரும்புக்கு அருகே கொண்டு போனார். ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அணைத்துவிட்டார்.

“என்ன மாமா?”

“பொய்ப்பல்லு வைக்கிறவன் பொய்ப்பல்லுன்னு சொல்லித்தான் வைக்கிறான் மாப்ள. போட்டுக்கறவனுக்கும் தெரியும். இது அப்படி இல்ல.”

“அப்ப நாளைக்கு?”

“தெரியல” என்றார். முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மாமாவும் சத்தமும் வண்டியை ஒரு சுமை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சோதனை முடிந்தால் திரும்பும்போது தன் இருக்கையில் உட்கார்ந்து வருவதாகச் சொல்லி அக்கா கைத்தடியோடு வாடகை வண்டியில் என்னோடு வந்தாள். வரிசையில் எங்களுக்கு முன் ஒன்பது பேர். மாமா மூன்று தடவை கழிப்பறைக்குப் போய்வந்தார். கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும், அதுவும் பழைய வண்டி, தேய்ந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று சத்தம் அவருக்குப் பாடம் நடத்தினார்.

ஆய்வாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. காதில் பென்சில் செருகியிருந்தார். விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். பின் இருக்கையை ஒரு தட்டு தட்டி, “நல்லா இருக்கே” என்றார். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்தார். மாமாவின் கை பையிலிருந்த கைக்குட்டை முடிச்சுக்குப் போனது.

தாளில் ஏழு எண்கள் வெள்ளையாக எழுந்தன.

“எட்டாவது எங்க?”

“பழைய வண்டி மேடம்” என்று சத்தம் ஆரம்பித்தார்.

“நான்தான் மேடம் தேச்சேன்” என்றார் மாமா. சத்தம் தலையில் அடித்துக்கொண்டார். மாமா நிறுத்தவில்லை. துரு, அரம், பட்டி, கட்டைவிரல் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டுக் கைக்குட்டையைப் பிரித்து வார்ப்பை நீட்டினார். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், “வண்டிக்கும் பல்லு கொட்டிருச்சு போல” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. வார்ப்பை வெளிச்சத்தில் பிடித்தார். “பல் செட்டா செய்றீங்க? எங்கப்பாவுக்கு ஒண்ணு செஞ்சோம். டம்ளர்லயேதான் கெடக்கு.”

“எங்க குத்துதுன்னு கேளுங்க மேடம், நான்...”

“அத அப்புறம் பேசுவோம்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “எனக்கு மூணுன்னு தோணுது. ஆனா எனக்குத் தோணுறத நான் எழுத முடியாது.”

எழுதினார். உலோகப் பரிசோதனைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் மருந்து போட்டு இரும்புக்குள் இருக்கிற எண்ணை வரவழைப்பார்கள். அதுவரை பதிவு ரத்தாகாது. வண்டி இங்கேயே பின்பக்க யார்டில் நிற்க வேண்டும். மூன்று வாரம் ஆகலாம், ஆறும் ஆகலாம். முதல் தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

“மூணு இல்லாம வேற ஏதாவது வந்தா?” என்று மாமா கேட்டார்.

“வேற வந்தா வேற மாதிரி பேசணும்.”

மாமா தலையாட்டினார். சாவியை எடுக்கப் பையில் கைவிட்டவர் விட்டபடியே நின்றார். அக்காதான் முன்னால் வந்தாள்.

“மேடம், யார்டு வரைக்கும் நான் இதுல உக்காந்துட்டுப் போலாமா?”

ஆய்வாளர் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கைத்தடியையும் பார்த்தார். “இன்ஜின் போடக் கூடாது.”

“இவங்க தள்ளுவாங்க.”

அக்கா மெல்லத் திரும்பி, யாரும் பிடிக்காமல், அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். கால்கள் கால்தாங்கியில் சரியாகப் பொருந்தின. மாமா ஹேண்டில்பாரைப் பிடித்தார். நானும் சத்தமும் பின்னாலிருந்து தள்ளினோம். யார்டில் பிடித்து வைத்த வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. சில வண்டிகளின் சக்கரங்களுக்குள் புல் வளர்ந்து வெளியே வந்திருந்தது. மாமா அவற்றைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே தள்ளினார்.

“எங்கயாவது உறுத்துதா?” என்று மட்டும் கேட்டார்.

“பேசாமத் தள்ளுங்க. கொஞ்ச தூரம் போய்ப் பாக்க வேண்டாமா நான்?”

யார்டு காவலர் முதல் வரிசையில் ஒரு காலி இடத்தைக் காட்டினார். “இங்கயே விடுங்க.”

அக்கா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். கைத்தடியைத் தூக்கி, மதில் ஓரத்தில் கடைசி வரிசையைக் காட்டினாள். “அங்க ஒரு எடம் இருக்கே.”

“அது ரொம்பத் தூரம்மா.”

“பரவால்ல” என்றாள் அக்கா. நாங்கள் மறுபடி குனிந்தோம்.