விசிலுக்குக் காத்து நின்றவர்

பேய், ஆவி, பர்மாக்காரர்கள் மரத்தடியில் சோறு வைத்துக் கும்பிடும் நாட் தேவதைகள், இதில் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா ரங்கூன் பசுண்டாங் பக்கத்து அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர், இந்த மாதிரிப் பேச்சுகளிலிருந்து நானாவது தப்பட்டும் என்றுதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார் என்று நினைத்துக்கொள்வேன். ஆகவே இதை நம்புங்கள் என்று உங்களைக் கேட்கப்போவதில்லை. ராத்திரியில் நடந்தது என்றால் சொல்வதற்கும் சௌகரியமாக இருக்கும், இது நடந்ததோ சித்திரை மாதத்துப் பட்டப்பகலில்.

ரங்கூனில் ஒரு சர்க்கார் ஆபீசில், போட்டோ கழுவும் இருட்டறையில் எனக்கு வேலை. கேமராவில் எடுத்த கண்ணாடித் தகடுகளை மருந்துத் தண்ணீரில் போட்டுப் படத்தை வரவழைப்பது. ரங்கூன் வெயிலுக்கு இது லேசில் ஒப்பேறாது, குழாயில் வருவதே வெந்நீர் மாதிரி இருக்கும், அதில் போட்டால் கண்ணாடி மேல் பூசியிருக்கும் பசை இளகிப் படத்தோடு வழிந்துவிடும். அதனால் காலையில் ஐஸ் பார் வாங்கி உமியில் புதைத்து வைத்து, உடைத்து உடைத்துத் தொட்டியில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்க என் இரண்டு கையும் ஐஸ் தண்ணீரில்தான். அந்தக் குளிர் எப்படியிருக்கும் என்று என் விரல்களுக்குத் தெரியும், இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆபீசிலிருந்து இரண்டு துரைமார் வடக்கே, மிச்சினா ரயிலடியிலிருந்து மாதக்கணக்கில் நடந்தால் வரும் பனிமலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். மலை இடுக்கில் ஆறு மாதிரி உறைந்து கிடக்கும் பனி வருஷா வருஷம் கரைந்து பின்வாங்குகிறதாம். அதை அளக்கிறவர் பனி துரை. பனி விலகிய வெறும் தரையில் முதலில் என்ன பாசி வருகிறது, பிறகு என்ன புல் வருகிறது என்று பார்க்கிறவர் செடி துரை. இந்தப் பெயர்களை வைத்தது என் மச்சான் வீரையா, என் அக்கா பாக்கியத்தின் புருஷன், அவர்களோடு சமையலுக்குப் போனவர்.

சமையல் என்று பெயர், அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மலைப் படத்தில் எது எவ்வளவு பெரிது என்று தெரியாது, பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தினால்தான் தெரியும். பாறையில் சிவப்புப் பெயின்டால் ஒரு குறி போட்டு, அதை ஒட்டிப் பனி மேல் மச்சானை நிறுத்துவார்கள், அடுத்த வருஷம் அதே இடத்திலிருந்து திரும்பப் படம் எடுத்தால் பனி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கணக்கு. நிற்கிற ஆள் அசையக் கூடாது. படம் முடிந்ததும் துரை தூரத்திலிருந்து விசில் ஊதுவார். மச்சான் தலைப்பாகையை அவிழ்த்து ஆட்டி, "வாரேன்" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு இறங்குவார். "விசில் ஊதாட்டி நான் பொங்கல் வரைக்கும் நிப்பேன்டா, சர்க்கார் உத்தியோகம்னா சும்மாவா" என்று வீட்டில் வந்து நின்று காட்டுவார், அக்கா கரண்டியால் இடுப்பில் இடித்தால்கூட அசைய மாட்டார்.

ஒரு வருஷம் அப்படி ஒரு படம் எடுத்த உடனே மூடுபனி இறங்கிவிட்டது. துரையும் கூலிகளும் அவசரமாகக் கூடாரத்துக்குத் திரும்பினார்கள், வீரையா தானாக வந்துவிடுவான் என்று நினைத்திருக்கிறார்கள். வரவில்லை. மூடுபனி விலகிய பிறகு தேடினார்கள், ஆளும் இல்லை, ஒரு துணித் துண்டும் இல்லை.

பிணம் கிடைக்காததால் அக்காவின் கழுத்தில் தாலி அப்படியே இருந்தது. கருமாதி செய்துவிடு, எத்தனை நாள் இப்படி இரண்டுங்கெட்டானாக இருப்பாய் என்று மச்சானின் அண்ணன் வாரா வாரம் வந்து சொல்லிவிட்டுப் போவார். அக்காவுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும், தான் சுமங்கலியா இல்லையா. அடுத்த வருஷம் துரைமார் திரும்பப் போனபோது என்னைத்தான் பிடித்தாள். "தம்பி, கண்ணாடியெல்லாம் ஒன் கைக்குத்தான வரும். அவரு தடியோ செருப்போ எதுலயாச்சும் தெரியுதான்னு பாரு. இருந்தா இருக்குன்னு சொல்லு, நான் தாங்கிக்கிடுவேன்." எது தெரிந்தாலும் மறைக்காமல் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன்.

செடி துரை மலையிலேயே தங்கிவிட, பனி துரை மட்டும் கோடையில் கண்ணாடிப் பெட்டிகளோடு திரும்பினார். நான் ஒவ்வொன்றாகக் கழுவினேன். சிவப்புக் குறி போட்ட பாறையின் படம் வந்தது. பனி ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே இறங்கிப்போய், போன வருஷம் மச்சானின் தோளுக்கு நேராக இருந்த குறி இப்போது அந்தரத்தில் இருந்தது, அதற்குக் கீழே வெறும் பாறை. குறிக்குப் பக்கத்தில் ஒரு ஆள்.

கழுவும் கண்ணாடியில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும்தான் தெரியும், அதனால் உடனே காகிதத்தில் ஒரு படம் போட்டுப் பார்த்தேன். மச்சான்தான். தலைப்பாகை, கையில் தடி, வீட்டில் நின்று காட்டுவாரே அதே நிற்பு. குறி போன வருஷம் போலவே அவர் தோளுக்கு நேராக இருந்தது. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கரைந்து போன பனியின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

என்னோடு வேலை பார்க்கும் கோ தெயின் எட்டிப் பார்த்தான். நான் பள்ளிக்கூடம் போனவன் என்பதால் கேலியாக என்னை வாத்தியார் என்று பொருள்படும்படி "சயா" என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்குக் கேலி இல்லை. "சயா, போன வருஷக் கண்ணாடியும் இதுவும் ஒண்ணு மேல ஒண்ணு பட்டிருக்கும்" என்றான். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் போன வருஷக் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. பனி துரையிடம் நேரில் போய், இந்த முறை பாறைக்குப் பக்கத்தில் யாரை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அந்த இடத்துக்குப் போகக் கூலிகள் மறுத்துவிட்டார்கள், வெறும் பாறையைத்தான் எடுத்தேன் என்றார். காகிதத்தை அவரிடம் காட்டவில்லை.

அக்காவிடம் காட்டினேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அன்னிக்கு விசில் ஊதுனாங்களா?"

"மூடுபனி வந்துருச்சுக்கா. அவசரத்துல..."

"ஊதுனாங்களா இல்லையா?"

"இல்ல."

"அதான் நிக்கிறாரு" என்றாள். அடுப்பில் ஏதோ மறந்துவிட்டதைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

மறுநாள் உச்சி வெயிலில் எனக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுவருகிற சாக்கில் ஆபீசுக்கே வந்துவிட்டாள். துரையின் சாமான் பெட்டி இருட்டறையில்தான் இருந்தது, கேமராக் காலில் விசில் கயிறோடு தொங்கிக்கொண்டிருந்தது. "கதவ சாத்து" என்றாள். சாத்தினேன். சிவப்பு விளக்கில் அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள், விசிலை எடுத்து முந்தானையில் துடைத்துவிட்டு ஊதினாள். சின்ன அறை, காது அடைத்துப் போயிற்று. வெளியே கோ தெயின் கதவைத் தட்டி, "சயா, ரயில் எதும் கெளம்புதா?" என்று கேட்டான். சிரிக்க வேண்டிய இடம்தான், ஆனால் நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாறை இருந்தது, குறி இருந்தது. ஆள் இல்லை.

பசை இளகிப் படம் வழிவது உண்டு என்று முதலிலேயே சொன்னேன். அப்படி வழிந்தால் அந்த இடம் மொட்டையாகத் தெரியும். இங்கே ஆள் நின்ற இடத்தில் அவருக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய பாறை, வெடிப்பு வெடிப்பாகத் துல்லியமாக இருந்தது. அந்தக் கண்ணாடியைத்தான் பனி துரை வாங்கி அளந்து கணக்கு எழுதிக்கொண்டார், அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. காகிதப் படத்தை அக்கா டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். மழைக்காலம் முடிந்து செடி துரை வந்து சேர்ந்தார், கட்டுக் கட்டாக உலர்ந்த புல்லும் பாசியுமாக. அவர் கண்ணாடிகளை நான் வாங்கிக்கொண்டிருக்கும்போது, போகிற போக்கில் ஒன்று சொன்னார். கோடையில் ஒருநாள் உச்சிப்பொழுதில், தெளிந்த வானம், பனியாற்றுப் பக்கமிருந்து அவர்களுடைய விசில் கேட்டதாம். பனி துரை திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தாராம். விசிலுக்குப் பதிலாக ஒரு ஆண்குரல் கத்தியதாம், கூலிகள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், அன்று யாரும் மேலே ஏறவில்லை. என்ன கத்தியது என்று கேட்டேன். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. யோசித்து, நாக்கைப் புரட்டி, "வாரேன்" என்றார்.

அக்காவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். கேட்டதைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்ததால் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்.

"அங்கேருந்து இங்க நடந்து வர எத்தன நாளாகும்?"

"ரயில்ல வந்தா..."

"ரயிலுக்கு அவருகிட்ட காசு ஏது. நடந்து."

ஆபீசில் வரைபடங்களைத் தினமும் பார்க்கிறவன் நான். மலை, காடு, ஆற்றோரம் எல்லாம் சேர்த்து மனதுக்குள் கணக்குப் போட்டு, தைக்கு முன்னால் வர முடியாது என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அவள் எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாள், குப்புறத் திருப்பி வைத்தாள். அதில் அவர் இன்னும் நிற்கிறாரா என்று நான் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து மச்சானின் கைலி ஒன்றை எடுத்து உதறி, கதவுக்குப் பக்கத்துக் கொடியில் போட்டாள். மச்சானின் அண்ணன் அடுத்த வாரம் வந்தபோது, கருமாதிப் பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

தை பிறந்து சில நாள் கழிந்திருக்கும். எங்கள் பக்கத்து ஓடைக்கு அந்தப் புறம் தாகேதா ஊர் வயலில் அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்தது, மழை பெய்து வெகு நாளாகியிருந்தது. சாயங்காலம் வேலை விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினேன், கொடியில் இருந்த கைலி தோளில் பட்டது. ஈரம். சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, கைலிய நனைச்சியா?"

உள்ளேயிருந்து, "தொவைச்சேன்" என்றாள்.

சரி, துவைத்திருப்பாள். நான் படித்தவன், அதை நம்பத்தான் விரும்புகிறேன். ஆனால் பிழிந்து போடலாம் என்று இரண்டு கையாலும் அதைப் பிடித்தேன். விரல் நுனி மரத்துப் போயிற்று. நாள் முழுக்க எந்தத் தண்ணீரில் கையை வைத்திருக்கிறேனோ, அந்தக் குளிர். ரங்கூன் குழாயில் எந்த மாதத்திலும் அந்தக் குளிர் வராது.