ஆர்க்கிட் வேரின் வாடை

தொட்டியிலிருந்து ஆர்க்கிட்டை உருவியதும் அந்த வாடை முகத்தில் அடித்தது. வேலைக்காகப் பெங்களூர் போன மகள் என்னை நம்பி விட்டுப்போன செடி. வாடிவிடுமோ என்ற பயத்தில் தினமும் நான் ஊற்றிய தண்ணீரில் வேரெல்லாம் பழுப்பாகக் குழைந்திருந்தது.

இந்த வாடை எனக்கு எட்டு வயதிலேயே பழக்கம். அப்பாவின் காலில் சர்க்கரைப் புண். நனைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியும், விடிந்ததும் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் முழங்கால் ஆழத்தில் நின்றுவிட்டு வருவார்.

"பொதிகை மலை மூலிகைத் தண்ணியில்லா இது, எல்லாம் ஆறிரும்" என்பார்.

வந்ததும் அம்மா ஈரக் கட்டைப் பிரித்து, குனிந்து முகர்ந்து பார்ப்பாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"எப்படி இருக்கு?" என்பார் அப்பா.

"ஒண்ணுமில்ல. ஆறிக்கிட்டு வருது."

அப்பா அந்தப் பதிலைக் காதில் வாங்கமாட்டார். அம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அது சுருங்கியதும், "ஏளா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். முதலில் பெருவிரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை.

கத்தரிக்கோலால் அழுகிய வேர்களை வெட்டினேன். எதுவரை வெட்டுவது என்று தெரியவில்லை. கெட்டியாக ஒரே ஒரு வேர்தான் மிஞ்சியது. அதை முகர்ந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. வீடியோவில் மகள்.

"செடி எப்படிம்மா இருக்கு?"

முகத்தைத் துடைப்பதுபோல முந்தானையால் மூக்கை மறைத்துக்கொண்டு, "நல்லாருக்குட்டி, ஒண்ணுமில்ல" என்றேன்.