நீல டைனோசர்

மனைவி இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர்களையே சிரிக்கவைத்து அனுப்பியவன் நான். காஞ்சிபுரம் பட்டுக்கடையில் புடவை விற்கிற வாய், சும்மா இருக்காது.

கீழ்வீட்டு யாழினிக்கு நாலு வயது. கோபத்துக்குச் சிவப்பு டைனோசர், அழுகைக்கு நீலம், சிரிப்புக்குப் பச்சை என்று அவள் அம்மா பழக்கியிருந்தாள். தினமும் மூன்று பொம்மைகளையும் தூக்கிக்கொண்டு என் மாடிக்கு வருவாள்.

"இன்னிக்கு நீ எது மாமா?"

நான் எப்போதும் பச்சையை எடுத்து, அதன் வாலை மீசையாக வைத்துக் காட்டுவேன். அன்று அவள் சிரிக்கவில்லை.

"பொய் சொல்ற. அத்தை உக்கார்ற காலி சேர்கிட்ட தனியா ஜோக் சொல்லிக்கினு இருந்தியே, படிக்கட்டுல நின்னு பாத்தேன்."

பச்சையைப் பிடுங்கிக்கொண்டு நீலத்தை என் கையில் வைத்தாள். பதிலுக்கு ஒரு ஜோக் தேடினேன், கிடைக்கவில்லை. அழுதுவிட்டேன்.

மறுநாள் பச்சையை நீட்டினாள்.

"இன்னிக்கும் நீலமே இருக்கட்டும்மா" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருவரைச் சிரிக்கவைக்காமல் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் முறை.