சனிக்கிழமைப் பிள்ளைகள்

எள்ளை வறுத்து இடித்து, நல்லெண்ணெய் விட்டுக் கிளறிய சோற்றின் மணம் எந்த வீட்டுச் சன்னலிலிருந்து வந்தாலும் இன்றைக்கும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்துவிடுவேன். கோவில் பிரசாதம் என்று தொன்னையில் நீட்டினால்கூட வாங்க மாட்டேன். கிழவிக்குத் திமிர் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். இத்தனைக்கும் எட்டு வயதில் அதே சோற்றை நான் இலையை வழித்து வழித்துத் தின்றிருக்கிறேன். யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம் அது. கல்லும் உமியுமாகக் கிடைத்த அரிசியைப் பொறுக்கிப் புடைத்து ஒரு வேளை பொங்கினால் போதும் என்றிருந்த வீட்டுப் பிள்ளைக்கு, சனிக்கிழமைதோறும் மாட்டுங்காவில் ஒரு கூடத்தில் உட்கார வைத்து எண்ணெய் மினுங்கும் சோற்றை வைத்தால், இதை எதற்காக வைக்கிறார்கள் என்று கேட்கவா தோன்றும்?

தாராவியில் எங்கள் "சால்" தோல் பதனிடும் கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்தது. வரிசைக்குப் பத்து அறை, அறைக்கு ஒரு குடும்பம், எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். ஐயா கொட்டகையில் தோல் அலசப் போவார். அம்மை மாட்டுங்கா வீடுகளில் மிளகாயும் மல்லியும் இடித்துக் கொடுக்கப் போவாள். அவள் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு கூடவே போவாள் என் அக்கா சொர்ணம். அவள் என்னைவிட ஐந்து வயது மூத்தவள், ஆனால் அவளுக்கு முகம் கழுவி விடுவதும் பாவாடை கட்டி விடுவதும் நான்தான். நடந்ததே நாலு வயதில் என்று சொல்வார்கள். பதின்மூன்று வயதிலும் "தா" என்றும் "ந்தா" என்றும் இரண்டு சொல்தான் அவளிடம் இருந்தது. சாலில் அவளைக் "கோட்டி" என்பார்கள், மாட்டுங்காவில் "அசடு" என்பார்கள். "சொல்லுத வாயை அடைக்க முடியுமா, நம்ம பிள்ளை காதைத்தான் பொத்தணும்" என்பாள் அம்மை.

அம்மை இடிக்கப் போகும் வீடுகளில் ஒன்று செல்லம் மாமியுடையது. ரயில்வே ஆபீஸில் பெரிய குமாஸ்தாவின் மனைவி, வெளுத்த ஒல்லியான அம்மாள். அவர்களுக்கு ஒரே மகள் ராஜி, சொர்ணத்தின் வயதுதான், சொர்ணத்தைப் போலவேதான். ஒருநாள் மாமி உரல் பக்கத்தில் வந்து நின்று, சொர்ணத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்காத்துலயும் இப்படி ஒண்ணு இருக்கு, உனக்குத் தெரியும். இந்தத் தெருவுல அஞ்சாறு பேர் ஆத்துல இருக்கு, வெளியில சொல்லிக்க மாட்டா. எல்லாருமா சேர்ந்து ஒரு எடம் பாத்திருக்கோம், டீச்சர் வெச்சுச் சொல்லித்தரப் போறோம். உன் பொண்ணையும் கொண்டு வந்து விடேன்" என்றாளாம். அம்மை உலக்கையைப் போட்டுவிட்டு அழுதிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் இதே பேச்சு. "கோட்டிப் பிள்ளைக்கு ஸ்கூலா? அப்பம் எங்க வீட்டு ஆட்டுக்குட்டியையும் சேத்துக்கிடுவாகளான்னு கேட்டுச் சொல்லுட்டி" என்று அடுத்த அறைக்காரி சிரித்தாள். "ஆட்டுக்குட்டி என்ன, உம் மாப்பிள்ளையையும் சேத்தே கேக்கேன்" என்றாள் அம்மை. அவள் அப்படி நிமிர்ந்து நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மனுஷப் பிறவி என்றால் அது செல்லம் மாமிதான் என்று அந்த வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்துக்கு அப்போது பெயர்ப் பலகைகூடக் கிடையாது. "மாமி ஸ்கூல்" என்போம். தரைத் தளத்தில் ஒரு கூடம், அதற்குள்ளே ஒரு உள் ரூம், பின்னால் குழாய். மாட்டுங்காப் பிள்ளைகள் ஆறு பேர், எங்கள் தாராவிப் பக்கத்துப் பெண்கள் ஐந்து பேர். நான் இல்லாமல் சொர்ணம் உட்கார மாட்டாள் என்பதால் நானும் தினம் போனேன். ஸ்கூல் ஸ்கூல் என்று நான் கண்டது அதிகமும் அதுதான், அங்கே சுவரோரம் உட்கார்ந்து கற்றதுதான் என் எழுத்தும். கமலம் டீச்சர் என்று பாலக்காட்டுப் பக்கத்துப் பெண், இருபது வயது இருக்கும். ஆறு மாதமாகச் சொர்ணத்தின் கையைத் தன் தொண்டையில் வைத்து, தன் கையை அவள் தொண்டையில் வைத்து, ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தாள். "போயிட்டு வாங்க." வீட்டைவிட்டு யார் கிளம்பினாலும் இந்த ஒன்றைச் சொல்லத் தெரிந்தால் மனுஷர் மதிப்பார்கள் என்பது டீச்சரின் எண்ணம். ஒரு காலையில் ஐயா வேலைக்குக் கிளம்ப, வாசலில் நின்று சொர்ணம் அதைச் சொல்லிவிட்டாள். ஐயா திரும்பி, "வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவேயில்லை. அவர் கிளம்பக் கிளம்ப அவள் மறுபடி சொல்ல வேண்டும், அவர் மறுபடி கேட்க வேண்டும், அப்படியே பொழுது போயிற்று.

திங்கள் முதல் வெள்ளி வரை பதினோரு பிள்ளைகளும் ஒரே பாயில்தான். ராஜியும் சொர்ணமும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒருத்தி சடையை ஒருத்தி பிரித்துப் போடுவார்கள். சனிக்கிழமை மட்டும் வேறு. அன்றைக்கு மாட்டுங்காப் பிள்ளைகளை உள் ரூமில் விட்டு, சத்தம் வராமல் இருக்க டீச்சரையும் உள்ளே அனுப்பி, கதவைச் சாத்திவிடுவார்கள். எங்கள் தாராவிப் பெண்கள் ஐந்து பேருக்கும் கறுப்புப் பாவாடை கட்டிக் கூடத்தில் வரிசையாக உட்கார வைப்பார்கள்; சொர்ணத்தை ஒட்டி நானும் உட்கார்ந்து அவள் இலையிலேயே தின்பேன். பத்து மணிக்குப் பெரிய மனிதர்கள் வருவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு இரும்புக் கிண்ணம், அது நிறைய நல்லெண்ணெய். அந்த எண்ணெயில் தங்கள் முகத்தை ஒருதரம் குனிந்து பார்ப்பார்கள். பார்த்ததும் கிண்ணத்தைப் பிள்ளையின் மடியில் வைத்துவிட்டு, எள்ளுச் சோற்றை இலையில் தள்ளிவிட்டு, வாசலைப் பார்த்து நடப்பார்கள். ஒருவரும் திரும்ப மாட்டார்கள். உள்ளே அடைபட்ட ஆறு பேருக்கும் இந்தச் சோறு கிடைக்கவில்லையே, பாவம், என்று நான் நினைத்திருக்கிறேன்! வீட்டில் சொன்னபோது அம்மையும், சனிக்கிழமையாச்சே, பெருமாள் கோவில் பிரசாதமாக இருக்கும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாவாடையை நாங்கள் கிளம்பும்முன் கழற்றி வைத்துக்கொள்வார்கள், அதனால் கறுப்புத் துணி அவள் கண்ணில் படவேயில்லை.

ஏழரைச் சனி பிடித்தவர்கள் தங்கள் நிழலை எண்ணெயில் இறக்கி இன்னொருத்தர் தலையில் கட்டிவிட்டுப் போகிற தானம் அது. வாங்குகிறவருக்கு அந்தப் பீடை போய்ச் சேரும் என்று பயந்து அதை யாரும் லேசில் வாங்க மாட்டார்கள். புத்தி தெரிந்தவர்கள் வாங்காததை வாங்கிக்கொள்ளப் புத்தி தெரியாத பிள்ளைகள் கிடைத்தார்கள். இது வெளியே வரக் காரணமானவர் ஒரு பாத்திரக் கடைக்காரர்.

அவர் பருத்த மனிதர். மூச்சு வாங்கக் குனிந்து, எண்ணெயில் தன் முகத்தைப் பார்த்து, கிண்ணத்தைச் சொர்ணத்தின் மடியில் இறக்கிவிட்டு, அப்பாடா என்று நடந்தார். அவர் வாசல்படி தாண்டும்போது சொர்ணம் முகமெல்லாம் பூரித்து, மணி அடித்த மாதிரி, "போயிட்டு வாங்க!" என்றாள்.

அவர் வெடுக்கென்று திரும்பினார். "ஏய் சனியனே! போயிட்டு வான்னா சொல்றே? எதை வரச் சொல்றே?" என்று கத்தினார். திரும்பியது நினைவுக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "போச்சு! திரும்பிப் பாத்துட்டேன்! இருபது வாரமாக் குடுத்தது எல்லாம் போச்சு! மாமி, இப்ப இது செல்லுமா, செல்லாதா?"

சத்தம் கேட்டு உள் ரூம் கதவைத் திறந்துகொண்டு கமலம் டீச்சர் ஓடிவந்தாள். அவள் காதில் விழுந்தது சொர்ணத்தின் குரல் மட்டும்தான். "தானாவே சொன்னாளா? யாரும் சொல்லாம சொன்னாளா?" என்று அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செல்லம் மாமி பல்லைக் கடித்தாள். "நன்னாச் சொல்லிக் குடுத்தேடி அம்மா. வரவா எல்லாம் நின்னுட்டா உனக்கு யார் சம்பளம் குடுக்கறது?"

அடுத்த சனிக்கிழமை மாமி என் கையில் ஒரு சின்னத் தகர டப்பாவைத் தந்தாள், நிறைய வெல்லக்கட்டி. "நீ சமத்துக் கொழந்தை. நீ குடுத்தா வாங்கிப்பா. அவா கிளம்பினதும் அவ வாயில ஒண்ணு போட்டுடு, என்ன?" இதைச் சொல்ல இன்றைக்கும் நாக்குக் கூசுகிறது. டப்பா என் பொறுப்பு என்பதில் எனக்குப் பெருமை. ஒவ்வொருவர் கிளம்பும்போதும் ஒரு கட்டியைச் சொர்ணத்தின் வாயில் அடைத்தேன், இடையிடையே என் வாயிலும் ஒன்று போட்டுக்கொண்டேன். அவள் சொல்ல வந்த வாக்கியம் வெல்லத்தோடு கடைவாயில் வழியும், அதைப் பாவாடையால் துடைத்துவிடுவேன். எத்தனை சனிக்கிழமை என்று கணக்கில்லை.

ஒரு காலையில் ஐயா வேலைக்குக் கிளம்பினார். வழக்கம்போல வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். சொர்ணம் ஒன்றும் சொல்லவில்லை; குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றாள். "சொல்லு தாயி" என்றார். அவள் இன்னும் அகலமாகத் திறந்தாள். அம்மை என்னைப் பார்த்தாள். "ஏட்டி, இவ எதுக்கு வாயத் தொறக்கா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புப் பாவாடையைச் சொன்னேன், கிண்ணத்தைச் சொன்னேன், திரும்பிப் பார்க்காமல் போவதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அம்மையின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான், நாங்கள் தின்றது என்னவென்று எனக்கே விளங்கியது.

அந்தச் சனிக்கிழமை அம்மை எங்கள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு, தோல் கொட்டகை ஓரமாக, கிங்ஸ் சர்க்கிள் வழியாக, விறுவிறுவென்று நடந்தாள். செல்லம் மாமி கூடத்தில்தான் இருந்தாள். கோபப்படவில்லை, மறைக்கவும் இல்லை. "வாடகை குடுக்கணும், டீச்சருக்குக் குடுக்கணும். நல்ல காரியம்னு சொன்னா ஒருத்தர் கையும் நீளறதில்லை. சனி பிடிச்சா மட்டும் நீளறது. நான் என்ன பண்ணட்டும் சொல்லு? அஞ்சு நாள் படிப்புக்கு ஒரு நாள் உக்காந்துட்டுப் போகட்டுமே" என்றாள். அதில் பொய் இல்லை. அந்த ஒரு நாள் இல்லாமல் அந்த ஐந்து நாளும் இருந்திருக்காது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. தெரிவதால் அருவருப்புக் குறையவில்லை.

அம்மை குரலை உயர்த்தாமலே சொன்னாள். "செரி மாமி. ஒரு நாள்தானே. அப்பம் உங்க ராஜியையும் இவ பக்கத்துல உக்கார வையுங்க. ரெண்டு பேரும் வாங்கட்டும். நானே பாவாடை கட்டி விடுதேன்."

உள் ரூம் கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. மாமி கண்ணை அந்தப் பக்கம் திருப்பினாள். பிறகு மெதுவாக, "அவ தலையில ஏற்கெனவே எவ்வளவோ இருக்குடி" என்றாள்.

"எம் பிள்ளை தலைதான் காலியாக் கெடந்துதாக்கும்" என்றாள் அம்மை.

தெருமுனை வரைக்கும் கமலம் டீச்சர் ஓடிவந்தாள். "சனிக்கிழமை அனுப்பாதீங்கோ, மத்த நாள் நான் கேட்டுப் பாக்கறேன். இன்னும் நிறைய வரும் இவளுக்கு, நிறுத்திடாதீங்கோ" என்று அம்மையின் கையைப் பிடித்தாள். அம்மை கையை உருவிக்கொண்டாள். அது சரிதானா என்று நான் எழுபது வருஷத்துக்கு மேலாக யோசித்துவிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் கையேந்தி நின்றதில்லை, அம்மை செய்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவள் சொர்ணம். ஒருவர் கிளம்பினால் வாயைத் திறக்கிற பழக்கம் போகவே ஒரு வருஷம் ஆயிற்று. வாக்கியம் திரும்ப வரவில்லை. "தா", "ந்தா" என்ற இரண்டு சொல்லோடு முப்பத்தாறு வயது வரை இருந்தாள், மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலில் போனாள். ஐயா சாகும்வரை, வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார்.

இப்போது நான் செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். மாமி ஸ்கூல் இப்போது பெரிய இல்லமாகிவிட்டது; போன மாதம் அங்கேயிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். பழைய பிள்ளைகளின் வீட்டாரை மேடையேற்றிச் சால்வை போடுகிறார்களாம். ஆண்டு விழா மலர் ஒன்று கொடுத்தாள். பழைய வீடு இடிந்து, அவர்களுக்கு வேறிடத்தில் நாலு மாடிக் கட்டடம் வந்திருக்கிறது. சனிக்கிழமை லீவாம். பேச்சுப் பயிற்சிக்கென்றே தனி டீச்சர்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நீலச் சட்டை. நல்லது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மலரில் ஒரு பழைய படம் இருந்தது. கூடத்தில் ஐந்து பெண்கள், மடியில் கிண்ணம், இரண்டாவது என் சொர்ணம். கீழே எழுத்துக் கூட்டிப் படித்தேன்: "தொடக்க நாட்களில் அன்புடன் உணவளிக்கப்பட்ட தாராவிக் குழந்தைகள்." பெயர் ஒன்றும் இல்லை. மலரை மூடி எட்டத் தள்ளி வைத்தேன்.

சால்வை வேண்டாம் என்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொள்வதை நிறுத்திவிட்டு, மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். சரி, எங்களைத்தான் போட வேண்டாம், உள் ரூமில் இருந்த ராஜியைப் பற்றியாவது நாலு வரி போட்டீர்களா, அவளுக்காகத்தானே அந்த இடமே உண்டாயிற்று என்று கேட்டேன்.

"யார் பாட்டி ராஜி?" என்றாள்.

"செல்லம் மாமி பெத்த மக."

அவள் மலரை எடுத்து, முதல் பக்கத்தைப் புரட்டி என் முன்னால் வைத்தாள். "மாமிக்குக் குழந்தையே கிடையாது பாட்டி. அதனாலதான் தாராவிக் குழந்தைங்களைத் தன் பிள்ளைங்களா நினைச்சு இதை ஆரம்பிச்சாங்க. பாருங்க, மாமி இருந்தப்ப அவங்களே தன் வாயால சொல்லி எழுதினது."