மண்டபத்தில் ஒரு கிண்ணம் பாஸ்தா

ஜிம் ட்ரெயினர் வேலையில் எடை தூக்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை. எதிரே நிற்கிறவர் நேற்று என்ன சாப்பிட்டார் என்ற உண்மையை அவர் வாயிலிருந்து பிடுங்குவதுதான் பெரும்பாடு. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கும், இளைக்கிறேன் பேர்வழி என்று பசியோடு திரிகிறவர்களுக்கும் நான் சொல்வது புரியும். திருவனந்தபுரம் சாலை பஜாரில், ஒரு பெயிண்ட் கடைக்கு மேல்மாடியில் பன்னிரண்டு வருஷமாகப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஊர் மார்த்தாண்டம். கோபம் கொஞ்சம் ஜாஸ்தி; அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

வெள்ளரிக்காய்ப் படம்

எங்கள் பேட்சுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. தட்டில் கை வைப்பதற்கு முன்னால் அதைப் படம் பிடித்துப் போட வேண்டும், இது என் சட்டம். சோறு குறைவாக, மைதா கூடாது, பாஸ்தா கூடவே கூடாது. கோட்டைப் பக்கம் அக்ரஹாரத்திலிருந்து வரும் லலிதா மாமி தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெள்ளரிக்காய்ப் படம் போடுவார். ஒரு மாசமாக எடை மட்டும் அசையவே இல்லை. அப்புறம்தான் கவனித்தேன், எல்லாப் படத்திலும் தட்டின் ஓரத்தில் அதே ஈ, அதே இடத்தில்.

பிடித்து வைத்துக் கேட்டேன். மருமகள் செய்கிற வெள்ளை சாஸ் பாஸ்தா மிஞ்சி வீணாகிறதே என்று மாமி அதைத்தான் ஒரு கை பார்த்திருக்கிறார். குட்டு உடைந்ததில் கொஞ்சமாவது கலங்கினாரா? இல்லையே! "நீ படம் போடணும்னுதானே சொன்னே? அதையேதான் சாப்டணும்னு எப்போ சொன்னே?"

ஆறு வாரம்

போன வருஷம் செல்வி வந்து சேர்ந்தாள். முப்பத்திரண்டு வயசு, வள்ளியூர்ப் பக்கம். இங்கே ஒரு கேட்டரிங்காரரிடம் வேலை. கல்யாண ரிசப்ஷனில் விருந்தாளிகள் கண்ணெதிரே சுடச்சுட பாஸ்தா கிளறிக் கொடுக்கும் லைவ் கவுண்டர் இருக்குமே, அதில் நிற்கிறவள். எதற்காக இளைக்க வேண்டும் என்று கேட்டேன். தங்கச்சி கல்யாணம், பழைய ஜாக்கெட், இப்படி ஏதாவது சொல்வாள் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

அவளுடைய அக்காவுக்குக் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது. செல்வியின் கல்லீரலில் ஒரு பங்கை எடுத்து வைக்கலாம், எல்லாம் பொருந்துகிறது. ஆனால் இவள் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது. அது குறைந்தால்தான் எடுக்க முடியும், ஆறு வாரம் கழித்து ஸ்கேனுக்கு வா என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கொடுக்க வேறு ஆளும் இல்லை. திறந்த பேனாவை மூடி வைத்தேன். அவளோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்காக இருந்தா இந்த மாடிப்படியே ஏறியிருக்க மாட்டேன் மிஸ்."

நான் கெடுத்த வாரம்

முதல் வாரமே ஒரு கிலோ இறங்கினாள். ஆனால் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் போடும் படத்தில் ஒரு கிண்ணம் பாஸ்தா. ஊரே பொய்ப் படம் போடுகிற குரூப்பில் இவள் ஒருத்தி உண்மையைப் போடுகிறாள் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. பாஸ்தாவைக் கண்டதும் கோபம் தலைக்கேறிவிட்டது. "அக்கா உயிர் முக்கியமா, உன் நாக்கு முக்கியமா?" என்று எல்லாரும் கேட்கும்படி குரூப்பிலேயே வாய்ஸ் மெசேஜ் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சரி மிஸ் என்று மட்டும் பதில் போட்டாள். மறுநாளே பாஸ்தாவை விட்டுவிட்டாள். அடுத்த வாரம் மெஷினில் ஏறினால், இறங்கின கிலோ திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆறில் இரண்டு வாரம் வீணாய்ப் போச்சு! விசாரித்தால், கேட்டரிங் ஆட்களுக்கு விருந்தெல்லாம் முடிந்த பிறகுதான் சாப்பாடு. மிஞ்சின நெய்ச்சோறு, பொரித்த கோழி, பொரோட்டா. சாயங்காலக் கிண்ணம் இல்லாமல் வெறும் வயிற்றோடு நாலு மணி நேரம் அடுப்படியில் நின்றவள், பசி தாங்காமல் அதில் கை வைத்திருக்கிறாள். குற்றம் சொல்லும் குரலில்கூட இல்லை, சும்மா விவரம் சொல்வது போலத்தான் சொன்னாள்: "அந்த மண்டபத்துல எண்ணெய் படாம வயித்துக்குக் கெடைக்கது என் கவுண்டர்ல வெந்த பாஸ்தா ஒண்ணுதான் மிஸ், அதையும் நீங்க வேண்டாம்னுட்டீங்க."

கள்ளன் யார்?

அவளையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி டயட்டீஷியனிடம் ஓடினேன். சின்னப் பெண், மலையாளி. நான் பாவமன்னிப்புக் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் செல்வியின் போனை வாங்கி அந்தக் கிண்ணத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

கோதுமை ரவையில் செய்வதுதானே, குழைய விடாமல் வேகவைத்து, ஒரு கைப்பிடி பாஸ்தாவுக்கு இரண்டு கைப்பிடி காய்கறி, கூட ஒரு முட்டையோ பயறோ சேர்த்தால் இவளுக்குத் தாராளமாக ஆகும் என்றாள். செல்வி அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்! இத்தனை வருஷம் எத்தனை பேரை மிரட்டியிருக்கிறேன் என்று நினைத்து நான் தலை குனிந்தேன். டயட்டீஷியன் சிரித்துவிட்டாள்: "பாஸ்தா பாவமாணு சேச்சி, க்ரீமாணு கள்ளன்!" பாஸ்தா அப்பாவியாம், க்ரீம்தான் திருடனாம்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

மனசு கேட்கவில்லை. அந்த வாரமே அவள் வேலை செய்யும் ஒரு ரிசப்ஷனுக்குப் போய்ப் பார்த்தேன். விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் ஓரமாக உட்கார்ந்து, வெந்த பாஸ்தாவில் ஒரு கைப்பிடி, நறுக்கி வைத்த ப்ரோக்கோலியும் குடைமிளகாயும் காளானும் இரண்டு கைப்பிடி, வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த முட்டை ஒன்று. நிதானமாக மென்று தின்றாள். அப்புறம் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்ல! வெண்ணெய் உருகுகிறது, க்ரீம் கொதிக்கிறது, சீஸ் நூல் நூலாக இழுக்கிறது. வாசனையில் எனக்கே நாக்கில் ஜலம் ஊறுகிறது. தட்டுத் தட்டாக நீட்டுகிறாள், ஒரு விரல் நுனி அவள் உதட்டுக்குப் போகவில்லை. உப்புப் பார்க்கக்கூடப் பக்கத்துத் தோசைக் கவுண்டர்காரரைத்தான் கூப்பிடுகிறாள். ஜிம்மில் எண்பது கிலோ தூக்குகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பலத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை, சத்தியமாக. ஒரு வாய்கூட ஆசை வரவில்லையா என்று கேட்டேன். "வராமலா இருக்கும் மிஸ்? வந்தா வந்துட்டுப் போகுதுன்னு அடுத்த பிளேட்டைக் கிளற ஆரம்பிச்சுருவேன்."

ஸ்கேன் அன்றைக்கு

மிச்சமிருந்த நாலு வாரத்தில் ஒரு நாள்கூட அவள் வராமல் இருந்ததில்லை. ஸ்கேன் அன்று காலையில் எனக்குக் கணக்கெல்லாம் தப்பியது. மாமியைப் பத்துத் தடவை குனிந்து நிமிரச் சொல்லிவிட்டு இருபத்தைந்து வரை விட்டுவிட்டேன். பதினொன்றரைக்கு போன் அடித்தது.

இரண்டு கிலோ குறைந்ததற்குத் துள்ளிக் குதித்தவர்கள் இங்கே ஏராளம். தன் வயிற்றைக் கீறப் போகிறார்கள் என்பதற்கு ஒருத்தி அப்படிக் கூவி நான் கேட்டது அன்றைக்குத்தான்: "மிஸ், எடுத்துக்கிடலாம்னுட்டாங்க!"

புது அட்மிஷன்

ஆபரேஷன் முடிந்து ஐந்து மாசம் கழித்து, மாடிப்படியில் மெதுவாக இரண்டு பேர் ஏறி வரும் சத்தம். செல்வியும், முகக்கவசம் போட்ட ஒரு பெண்ணும். அவள் அக்கா! கையெடுத்துக் கும்பிட்டேன். லேசாக உடற்பயிற்சி செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அந்த அம்மாள் நீட்டினாள்.

அவசரம் என்ன, இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வெடுக்கலாமே என்றேன். அக்கா தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இவ வாயக் கட்டிச் சுத்தமாக்கித் தந்த ஈரல் மிஸ், என்கிட்ட வந்து கெட்டுப்போச்சுன்னு ஆயிரக் கூடாதுல்லா?"

இப்போதும் தினம் யாராவது பாஸ்தா சாப்பிடலாமா என்று கேட்கத்தான் செய்கிறார்கள்; கூடாது என்று கத்துவதற்கு முன்னால், அது இல்லாவிட்டால் வேறு எதைச் சாப்பிடுவீர்கள் என்று கேட்க எனக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்திருக்கிறது.